ஜூபின் மேத்தா: ஒத்திகையில் கழிந்த ஒரு வாழ்க்கை

வியன்னாவின் முசிக்ஃபெராயின் அரங்கில், 1950-களின் நடுவில், பெரிய நடத்துநர்களின் ஒத்திகைகளை மாணவர்கள் உட்கார்ந்து பார்க்க அனுமதி கிடையாது. இசை நடத்தப் படித்துக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அந்த அரங்கோடு சேர்ந்து இயங்கிய ‘சிங்ஃபெராயின்’ என்ற கோரஸில் கீழ்க்குரல் பாடகர்களாகச் சேர்ந்துவிட்டார்கள். கோரஸ் நிற்பது ஆர்கெஸ்ட்ராவுக்குப் பின்னால், நடத்துநரின் முகத்துக்கு நேர் எதிரே. கராயனின் கைகளையும், இசையமைப்பாளர் மாலரிடமே பழகிய ப்ரூனோ வால்டரின் கண்களையும் அவர்கள் அங்கே நின்றுதான் படித்தார்கள். அந்த இருவரில் ஒருவர் மிலான் நகரத்துக் கிளாடியோ அபாடோ. இன்னொருவர் பம்பாயிலிருந்து போன பார்சிப் பையன், ஜூபின் மேத்தா.

டிக்கெட் வாங்கி வந்து உட்காருகிற நாம் ஆயுளுக்கும் நடத்துநரின் முதுகைத்தான் பார்க்கிறோம். நடக்க வேண்டியது எல்லாம் அந்தப் பக்கம் நடக்கிறது. ஒரு புருவம் உயர்கிறது, ஓபோ வாசிப்பவருக்கு அது போதும். உதடு லேசாகத் திறந்து மூச்சு உள்ளே போகிறது, பத்துப் பன்னிரண்டு ஊதுகருவிக்காரர்கள் அதே நொடியில் மூச்சிழுக்கிறார்கள்.

மேத்தாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய இரவுகளைப் பற்றியே எழுதுகிறார்கள். 1990-இல் ரோமாபுரியின் கராகல்லா இடிபாடுகளில் பவரொட்டி, டொமிங்கோ, கரேராஸ் என்ற மூன்று டெனர் பாடகர்களும் அவர் நடத்தச் சேர்ந்து பாடிய இரவு, வியன்னாவின் புத்தாண்டுக் கச்சேரிகள், 1998-இல் பீஜிங் அரண்மனை வளாகத்தில் திரைப்பட இயக்குநர் சாங் யிமூவோடு சேர்ந்து நடத்திய ‘டுரான்டாட்’ ஓபரா. அவையெல்லாம் பெரிய காரியங்கள்தான். எனக்கென்னவோ, அவருடைய நிஜமான உழைப்பு காலை பத்து மணிக்கு, காலியான அரங்கில், டி-ஷர்ட்டும் ஸ்வெட்டரும் அணிந்த நூறு பேர் முன்னால் நடந்தது என்றே தோன்றுகிறது. அதுவும் ஒரே நூறு பேர் முன்னால், ஆண்டுக்கணக்கில். லாஸ் ஏஞ்சல்ஸில் 16 ஆண்டுகள், நியூயார்க்கில் 13, ஃபிளாரன்ஸில் 32, இஸ்ரேல் பில்ஹார்மோனிக்குடன் அரை நூற்றாண்டு. விமானம் ஏறி ஊர் ஊராகப் போய், மூன்று நாள் ஒத்திகை, நான்கு கச்சேரி என்று முடித்துவிட்டு நகர்வதுதான் இன்று இந்தத் தொழிலின் பொது வழக்கம். மேத்தாவும் நிறையப் பறந்தவர்தான். ஆனாலும் திரும்பி வருவதற்கு அவருக்கு எப்போதும் ஒரு குடும்பம் இருந்தது.

அப்பாவின் ஆர்கெஸ்ட்ரா

அப்பா மெஹ்லி மேத்தா வயலின் கலைஞர். சிம்பனி இசைக்கென்று பள்ளியோ பரம்பரையோ இல்லாத நகரத்தில், 1935-இல் பம்பாய் சிம்பனி ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கினார். மறு ஆண்டு ஏப்ரல் 29 அன்று ஜூபின் பிறந்தார். கோவாக் கிறிஸ்தவர்கள், பார்சிகள், பாண்டு வாத்தியக்காரர்கள் என்று கிடைத்தவர்களையெல்லாம் திரட்டிக் கட்டிய குழு அது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு மெஹ்லி நியூயார்க் போய் வயலின் ஆசிரியர் இவான் கலாமியானிடம் சில ஆண்டுகள் படித்துவிட்டு வந்தார். வீட்டிலேயே நால்வர் குழுவின் ஒத்திகை நடக்கும். பையன் காதில் பீத்தோவனும் பிராம்ஸும் விழுந்தது கச்சேரியாக விழவில்லை. நிறுத்தி, திருத்தி, மறுபடி அதே நான்கு வரியை வாசித்து, சுருதி சரியில்லை என்று சண்டை போட்டு, வேலையாக விழுந்தது.

பதினாறு வயதில் அப்பாவின் குழு முன்னால் நின்று ஒத்திகை நடத்தியிருக்கிறார். நடுவில் மருத்துவம் படிக்க வைக்க வீட்டில் ஒரு முயற்சி நடந்தது. செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியில் சேர்ந்தவர் அதை விட்டுவிட்டு 1954-இல், பதினெட்டு வயதில், வியன்னாவுக்குப் போனார். அங்கே போய்த்தான் உலகத்தரமான ஒரு ஆர்கெஸ்ட்ராவை முதன்முதலாக நேரில் கேட்டார்: கார்ல் போம் நடத்த, வியன்னா பில்ஹார்மோனிக் வாசித்த பிராம்ஸின் முதல் சிம்பனி. அதுவரை இசைத்தட்டில் கேட்ட சத்தமும் அப்பாவின் ஆர்கெஸ்ட்ரா சத்தமுமே அவருக்குத் தெரிந்த உலகம். அன்றைக்குக் காதில் ஏறிய அந்தக் கனமான, உருண்ட தந்தியொலியைத்தான் பிற்பாடு போன ஊரிலெல்லாம் தேடினார், போன ஆர்கெஸ்ட்ராவிடமெல்லாம் கேட்டு வாங்கப் பார்த்தார்.

ஆசிரியர் ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கி. இசையமைப்பாளர்கள் ஷோன்பெர்கிடமும் வேபர்னிடமும் கற்றவர். உணர்ச்சிவசப்பட்டுக் கையை வீசுவது அவருக்குப் பிடிக்காது. முதலில் ஸ்கோரைப் பிரித்துப் படி, எந்த வாக்கியம் எத்தனை தாள அளவில் முடிகிறது என்று எண்ணிப் பார், அதன் பிறகு கையைத் தூக்கு என்பது அவர் பாடம். நடத்துவதோடு கூடவே டபுள் பாஸும் கற்றார் மேத்தா. ஆர்கெஸ்ட்ராவின் கடைசி வரிசையில், ஆளுயரத் தந்திவாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்குத்தான் தெரியும், முன்னால் நிற்பவரின் கை எவ்வளவு குழப்பமாக இருக்கக்கூடும் என்று.

கை விழும் முன்பே

கையில் குச்சியை வைத்துக்கொண்டு இவர் என்னதான் செய்கிறார் என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. நியாயமான கேள்வி. நம் கச்சேரி மேடையில் அப்படி ஒருவர் கிடையாது. பாடகரே தாளம் போடுகிறார், மிருதங்கக்காரர் அதைக் காதிலும் கண்ணிலும் வாங்கிக்கொள்கிறார். ஐந்தாறு பேர் ஒரு ஜமக்காளத்தில் நெருங்கி உட்கார்ந்தால் அது நடக்கும். நூறு பேர் என்றால் நடக்காது. மேடையின் முன்னால் இருக்கும் வயலினுக்கும் பின்னால் இருக்கும் முரசுக்கும் இடையே பதினைந்து மீட்டர் இருந்தால், ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க நொடியில் ஏறத்தாழ இருபத்து மூன்றில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. முரசுக்காரர் முன்வரிசையைக் காதால் கேட்டு அடித்தால் தாமதமாகவே அடிப்பார். ஆகவே எல்லோரும் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நடத்துநர் கை காட்டுவது எப்போதும் வரப்போகிற ஒலிக்கு. கை மேலே எழும்பும் அந்த ஒரு அசைவில் வேகம், பலம், குணம் மூன்றும் அடங்கியிருக்க வேண்டும். உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த பீத்தோவனின் ஐந்தாம் சிம்பனித் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று குட்டை ஸ்வரம், ஒரு நீண்ட ஸ்வரம். கேட்க எளிது, நடத்துநருக்கு அது கண்டம். ஏனென்றால் அந்த இசை தாளத்தின் அடியில் தொடங்கவில்லை. முதலில் ஒரு சிறு மௌனம், அதன் பிறகே மூன்று ஸ்வரங்கள். நம்முடைய கிருதிகளில் சமத்தில் எடுக்காமல் அரை இடம் தள்ளி எடுப்பதைப் போல. பாடகர் தொடையில் தட்டிவிட்டுத் தள்ளி எடுத்துக்கொள்வார், அவர் ஒருவர்தான். இங்கே அறுபது தந்திவாத்தியக்காரர்களும் இரண்டு கிளாரினெட்டுகளும் சத்தமே இல்லாத ஒரு தட்டிலிருந்து ஒரே கணத்தில் குதிக்க வேண்டும். கை கொஞ்சம் தயங்கினால் முதல் ஸ்வரமே சிதறிவிடும். அடுத்து வரும் நீண்ட ஸ்வரத்துக்குக் கால அளவு கிடையாது, நடத்துநர் விடுவிக்கும்வரை நிற்க வேண்டும். எவ்வளவு நேரம் பிடிப்பது, எப்படி விடுவது, விட்ட அசைவையே அடுத்த மௌனத் தட்டாக எப்படி மாற்றுவது என்று ஐந்து தாள அளவுக்குள் ஒரு மனிதரின் திறமை முழுக்க வெளியே வந்துவிடும்.

மேத்தாவின் கை இந்த விஷயத்தில் மிகத் தெளிவானது. வீடியோக்களில் கவனித்தால் வலது கை வீணாக அலைவதே இல்லை. இடது கை பல நேரம் சும்மா இருக்கிறது, செல்லோக்களிடம் கூடுதலாக ஏதாவது வேண்டும்போதுதான் எழுகிறது. அதுவும் ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்கள் கை விழும் இடத்திலேயே ஒலியைத் தந்துவிடும். வியன்னாவிலும் பெர்லினிலும் கை விழுந்து, ஒரு கணம் கழித்துத்தான் சத்தம் வரும். அந்த இடைவெளியில் பயந்துபோய்க் கையை மெதுவாக்கினால் போச்சு, குழு மொத்தமும் இழுத்துக்கொண்டு போகும். நம்பிக் காத்திருக்கக் கற்றுக்கொள்வதற்கு அனுபவம் வேண்டும்.

ஒத்திகை மேடையில் ஏறும் முன்பே பாதி வேலை வீட்டில் முடிந்திருக்கும். ஸ்கோரின் ஒரு பக்கத்தில் இருபது, முப்பது வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடும். அதில் கிளாரினெட்டும் ஹார்னும் எழுதியிருப்பது ஒரு ஸ்வரம், ஒலிப்பது வேறு ஸ்வரம். வியோலாவின் குறியீடு தனி. இத்தனையையும் மனத்துக்குள் ஒன்றாகக் கேட்கத் தெரிய வேண்டும். பெரிய சிம்பனிகளை ஸ்கோர் இல்லாமல் நடத்துவது மேத்தாவின் இளமைக்கால வழக்கம். அதற்குப் பின்னால் இருந்தது ஸ்வரோவ்ஸ்கியின் எண்ணிக் கற்ற படிப்பு.

மேடையில் நேரம் காசு. அமெரிக்காவில் ஒரு ஒத்திகை பொதுவாக இரண்டரை மணி நேரம், நடுவில் இடைவேளை. சங்க ஒப்பந்தப்படி கடிகாரம் சொன்னால் எழுந்துவிடுவார்கள். அதனால் நல்ல நடத்துநர் பிரசங்கம் செய்வதில்லை. ‘கே எழுத்திலிருந்து, ஹார்ன் குறைவாக, இரண்டாம் வயலின் வில்லின் நுனியில்’ என்று சொல்லிவிட்டுக் கை தூக்குவார். நிறுத்தாமல் ஓடவிட வேண்டிய தப்பு எது, நிறுத்தித் திருத்த வேண்டிய தப்பு எது என்று தெரிந்திருப்பதில்தான் இருக்கிறது அவர் மேல் குழு வைக்கும் மரியாதை. கவனக்குறைவில் வந்த தப்பை வாசித்தவரே இரண்டாம் முறை சரிசெய்துகொள்வார், அதைச் சுட்டிக்காட்டுவது அவமானம்.

ஏறுமுகம்

1958-இல் லிவர்பூலில் நடந்த சர்வதேசப் போட்டியில் முதல் பரிசு. அதே ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் டாங்கில்வுட்டில் இரண்டாம் பரிசு. முதல் பரிசு கோரஸ் தோழர் அபாடோவுக்கு. இருபத்தைந்து வயதுக்குள் வியன்னா, பெர்லின், இஸ்ரேல் மூன்று பில்ஹார்மோனிக்குகளையும் நடத்திவிட்டார். லாஸ் ஏஞ்சல்ஸில் தலைமை ஏற்க இருந்த ஜார்ஜ் ஷோல்டி, தன்னைக் கேட்காமல் மேத்தாவை உதவியாளராக நியமித்தார்கள் என்று விலகிக்கொள்ள, 1962-இல் அந்தப் பெரிய நாற்காலி 26 வயதுக்காரருக்கு வந்தது. 1968 ஜனவரியில் ‘டைம்’ இதழின் அட்டையில் அவர் படம்.

நியூயார்க் பில்ஹார்மோனிக்கில் 1978 முதல் 1991 வரை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள். விமர்சகர்கள் அவரைப் பற்றி அங்கே அடிக்கடி கடுமையாக எழுதினார்கள். மொசார்ட்டில் நுணுக்கம் போதாது, பெரிய ஒலியின் மேல் மோகம் என்றார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ப்ரூக்னர், மாலர், ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் என்று வரும்போது அவரிடம் இருக்கும் நீண்ட மூச்சு, ஹைடனின் குறும்புக்குச் சில நேரம் அதிகப்படியாகிவிடுகிறது. ஆனால் மூன்று டெனர்களுக்கு நடத்தியதை வைத்து அவரை எடைபோட்டவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஷோன்பெர்கையும் வேபர்னையும் தன் ஆசிரியர் வழிச் சொத்தாகக் கருதி, கேட்கத் தயங்கிய கூட்டத்துக்கு விடாமல் வாசித்துக் காட்டியவரும் அவர்தான்.

நியூயார்க் காலத்தில்தான் நம் பக்கத்து இசைக்கும் கதவு திறந்தது. 1981-இல் ரவிசங்கரின் இரண்டாவது சிதார் கான்செர்ட்டோவான ‘ராக மாலா’. 1985-இல் சென்னையில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, தந்தை லட்சுமிநாராயணாவிடம் வயலின் கற்ற எல். சுப்பிரமணியத்தின் ‘ஃபேன்டஸி ஆன் வேதிக் சான்ட்ஸ்’. இந்தச் சந்திப்புகளில் ஒரு நிஜமான சிக்கல் இருக்கிறது. தனிக் கலைஞரின் கமகம் எழுத்தில் அடங்காது. ஆர்கெஸ்ட்ராவோ எழுதியதை மட்டுமே வாசிக்கும். ஒருவர் மனோதர்மத்தில் நீட்டும்போது நூறு பேர் எங்கே காத்திருப்பது, எங்கே சேர்ந்துகொள்வது என்று தீர்மானிப்பது நடத்துநரின் காது. பம்பாயில் வளர்ந்த காது அங்கே உதவியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

டெல் அவிவின் மேத்தா

அவர் பிறந்த அதே 1936-இல், டிசம்பர் 26 அன்று, டோஸ்கானினி நடத்த, டெல் அவிவில் தன் முதல் கச்சேரியை வாசித்தது பாலஸ்தீன ஆர்கெஸ்ட்ரா. வயலின் மேதை ஹூபர்மான், ஹிட்லருக்குத் தப்பிய யூத இசைஞர்களைத் திரட்டி உருவாக்கியது. அதுதான் இன்றைய இஸ்ரேல் பில்ஹார்மோனிக். வாசிப்பவர்களே உரிமையாளர்களான கூட்டுறவுக் குழு. 1961-இல் நடத்துநர் ஆர்மண்டிக்கு வர இயலாமல் போக, மாற்று ஆளாகப் போனார் மேத்தா. 1969-இல் இசை ஆலோசகர், 1977-இல் இசை இயக்குநர், 1981-இல் அந்தப் பதவி ஆயுளுக்கும் என்று குழுவே முடிவு செய்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள். ஒரே நிகழ்ச்சியை டெல் அவிவ், ஹைஃபா, ஜெருசலேம் என்று திரும்பத் திரும்ப வாசிக்கும் குழு அது. அங்கே ஒருவரையொருவர் ஏமாற்ற முடியாது.

1967 அரபு-இஸ்ரேல் போரின்போது வெடிமருந்துப் பெட்டிகளோடு பறந்த விமானத்தில் அங்கே போய்ச் சேர்ந்தார். 1991 வளைகுடாப் போரில், ஜெருசலேமில் அவர் நடத்திய கச்சேரியின் நடுவே அபாயச் சங்கு ஒலித்தது. ஆர்கெஸ்ட்ரா மேடையை விட்டு விலக, ஐசக் ஸ்டெர்ன் மட்டும் திரும்பி வந்து, நச்சுவாயு முகமூடி அணிந்த கூட்டத்துக்கு பாகின் சரபாந்தைத் தனி வயலினில் வாசித்தார்.

1981-இல் நடந்தது வேறு மாதிரி. நிகழ்ச்சி முடிந்த பிறகு, விரும்பாதவர்கள் எழுந்து போகலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, வாக்னரின் ‘டிரிஸ்டான்’ ஓபராவிலிருந்து ஒரு பகுதியை வாசிக்கத் தொடங்கினார். வாக்னர் யூத வெறுப்பை எழுதியவர், நாஜிகள் கொண்டாடியவர். அரங்கில் கூச்சல் எழுந்தது. ஒருவர் மேடையருகே வந்து தன் உடம்பின் தழும்புகளைத் திறந்து காட்டினார். வாக்னர் இல்லாமல் எந்த ஆர்கெஸ்ட்ராவும் முழுமையாக வளராது என்பது மேத்தாவின் வாதம். தொழில்ரீதியாக அது சரி. மாலரும் ஸ்ட்ராஸும் ஷோன்பெர்கும் வாக்னரிலிருந்து கிளைத்தவர்கள். ஆனால் முகாமிலிருந்து மீண்ட ஒருவர் அந்த ஒலியைக் கேட்க மறுப்பதும் வாதத்தால் வெல்லக்கூடியது இல்லை. இரண்டு பக்கமும் உண்மை இருந்த இரவு அது. எழுதப்படாத அந்தத் தடை அதற்குப் பிறகும் நீடித்தது.

இஸ்ரேலோடு அவருக்கிருந்த உறவைக் கேள்வி கேட்பவர்கள் உலகெங்கும் உண்டு, கேட்க வேண்டிய கேள்விதான். மேத்தா தன் பங்குக்கு நாசரேத்திலும் ஷஃபாம்ரிலும் அரபுக் குழந்தைகளுக்கு இசை கற்றுத்தரும் திட்டத்தில் ஈடுபட்டார். தன் ஆர்கெஸ்ட்ராவில் ஒரு அரபுக் கலைஞர் உட்கார வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்.

புண்பட்ட ஊர்களுக்குப் போவது அவருக்கு வழக்கமாகவே ஆகியிருந்தது. 1956-இல், மாணவராக இருந்தபோதே, ஹங்கேரியிலிருந்து ஓடிவந்த அகதிகளுக்காகச் சக மாணவர்களைச் சேர்த்து வாசித்தார். 1994-இல் சரயேவோவில், குண்டுவீச்சில் எரிந்துபோன தேசிய நூலகத்தின் இடிபாட்டுக்குள் மொசார்ட்டின் ‘ரெக்குயம்’. 2011 ஏப்ரலில், பூகம்பம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத டோக்கியோவில் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பனி. வெளிநாட்டுக் கலைஞர்கள் பலர் ஜப்பானுக்கு வரத் தயங்கிய நாட்கள் அவை.

2005 டிசம்பர் 26-இல், சுனாமியின் முதல் ஆண்டு நினைவு நாளில், பவேரிய அரசு ஆர்கெஸ்ட்ராவோடு சென்னைக்கு வந்தார். மியூசிக் அகாடமியில் நினைவுக் கச்சேரி. மார்கழியில் தம்புரா ஒலிக்கும் அந்த மேடையில், நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் கன்னியாகுமரியிலும் போன உயிர்களுக்காக ஜெர்மானியக் குழு ஒன்று வாசித்தது. நம் ஊர்ப் பத்திரிகைகளில் இன்னும் கூடுதலாகப் பேசப்பட்டிருக்க வேண்டிய நிகழ்ச்சி.

இத்தனை ஊர் சுற்றியும் இந்தியக் குடியுரிமையை அவர் விடவில்லை. கிரிக்கெட் பைத்தியம் விடவில்லை. போகும் இடமெல்லாம் மிளகாய் கூடவே போகும். அப்பா மெஹ்லியும் பிற்பாடு லாஸ் ஏஞ்சல்ஸுக்கே குடிபெயர்ந்து, 1964-இல் அங்கே ஒரு இளைஞர் ஆர்கெஸ்ட்ரா தொடங்கி, 33 ஆண்டுகள் நடத்தினார். அவர் பெயரில் மும்பையில் ஓர் அறக்கட்டளை குழந்தைகளுக்கு மேற்கத்திய இசை கற்றுத்தருகிறது.

2019 அக்டோபரில், 83 வயதில், நோயிலிருந்து எழுந்து வந்து, இஸ்ரேல் பில்ஹார்மோனிக்கிடம் விடைபெற்றபோது அவர் தேர்ந்தெடுத்தது மாலரின் இரண்டாம் சிம்பனி. 1999-இல் புகென்வால்ட் வதைமுகாமுக்கு அருகே வைமாரில், ஜெர்மானியக் குழுவையும் இஸ்ரேல் குழுவையும் ஒரே மேடையில் அடுத்தடுத்து உட்காரவைத்து வாசித்ததும் அதையேதான்.

மேத்தாவை இதுவரை கேட்காதவர்கள், இதே சிம்பனியை 1975-இல் அவர் வியன்னா பில்ஹார்மோனிக்கோடு செய்த பதிவில் கேட்கலாம். கடைசிப் பகுதியில் ஓர் இடம் வரும். ஹார்ன்களும் எக்காளங்களும் மேடைக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியாத தூரத்திலிருந்து அழைக்கின்றன. மேடையில் ஒரு புல்லாங்குழலும் அதன் குட்டிக் குழலும் மட்டும் பறவை போலப் பதில் சொல்கின்றன. வெளியே இருப்பவர்களுக்கு நடத்துநரின் கை தெரியாது, அவர்களுடைய ஒலியும் தாமதமாக வரும். இரண்டையும் ஒரே காலத்தில் கோப்பதற்குள் எந்த நடத்துநருக்கும் வியர்த்துவிடும். அது முடிந்ததும் கோரஸ், இருக்கிறதா இல்லையா என்ற அளவில் நுழையும். அங்கே ஒலியளவைக் கூட்ட வேண்டாம். முழுதாகக் கேட்க எண்பது நிமிடம் பிடிக்கும், நடுவில் நிறுத்தாமல் கேளுங்கள்.